தாம்பூலப் பையில் எலுமிச்சை லிக்விட்

என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு முழுக் காரணமும் நான்தான். இது ஒன்றும் ரகசியம் இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எந்தக் கல்யாணத்தில் கூடினாலும், இலையில் உப்பு வைப்பதற்குள் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். (எங்க பெரியப்பா ஒருத்தர் நுரை இடுப்பு வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லிகினு திரியறாரு. சும்மா. கணுக்கால் வரைக்கும்தான்.) அதனால் குற்றவாளியே நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. ஒரு போல்ட் தலைமுடி அளவு கூடக் குறைய இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளிவிடுவேன். அந்தத் திமிர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காது. "தோசை நடுவுல மொத்தம், ஓரத்துல மெலிசு, ரிஜெக்ட்" என்று சொல்லி அம்மாவிடம் தோசைக் கரண்டியால் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஈ.சி.ஆரை ஒட்டின ஊரில். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு குடும்பத் தலைவர் பதவி எனக்கு வந்தது. வந்தது என்ன, நானே எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மாவும் தங்கை தேன்மொழியும் அதை ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தேனுவுக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. கூட வேலை பார்த்த அசோக்கை அவளுக்குப் பிடித்துப் போனது. இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க இரண்டு பேரும் இரண்டு வருஷம் படாத பாடு பட்டார்கள். நாங்கள் சீக்கிரமே இறங்கி வந்துவிட்டோம். இறங்காதவர் அசோக்கின் அம்மா. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். தனி மனுஷியாக நின்று மகனைப் படிக்க வைத்தவர். பேச்சு குறைவு. பெண் பார்க்க வந்தபோது எல்லாவற்றுக்கும் அவர் வாயில் ஒரே வார்த்தைதான்.

"பொண்ணப் புடிச்சிகீதாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"பாக்கலாம்."

"நிச்சயத்த ஐப்பசியிலயே வச்சிக்கலாமா?"

"பாக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் காபி?"

"பாக்கலாம்." (பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.)

கடைசியில் எப்படியோ நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று சாயங்காலமே தேனு என்னைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினாள்.

"அண்ணா, அவங்களுக்கு இன்னும் முழு மனசு வரல. அசோக்கே சொல்லிட்டான். நிச்சயம் முடிஞ்சி, கல்யாணத் தேதிய அவங்க வாயால சொன்னாதான் எனக்கு உசுரு வரும். அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ புதுசா எதையும் பண்ணாத."

"நான் இன்னாடி பண்ணப்போறேன்?"

"அதான் எனக்கும் தெரியல. அதான் பயமா கீது."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, நிச்சயதார்த்தம் பெண் வீட்டுப் பொறுப்பு. ஆக, எங்கள் கௌரவத்தைக் காட்ட எங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று. சமுதாயக் கூடம் பிடித்தாயிற்று. மிச்சம் இருந்தது தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாரும் வைப்பதுதான். கூட ஒரு சாமான் வைப்பார்கள் இல்லையா, எவர்சில்வர் கிண்ணமோ, குங்குமச் சிமிழோ, அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

மெஸ் என்றால் என்ன? தட்டு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தட்டு. தட்டு என்றால் கழுவ வேண்டும். கழுவ வேண்டும் என்றால் லிக்விட். அந்த லிக்விட்டை மாப்பிள்ளையின் மச்சான் தன் கையாலேயே செய்து, அழகாகப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் அந்த அம்மா மனசு உருகாதா? ஆஹா, குமரேசா, உன்னைப் போல உண்டா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். தேனு கேட்டுக்கொண்டது ஞாபகம் இருந்தது. ஆனால் இது 'புதுசா' எதுவும் இல்லையே, சோப்புதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

செங்கல்பட்டில் ஒரு கடையில் இதற்கான சாமான்கள் எல்லாம் கிடைக்கும். வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு ஜெல், பச்சைக் கலர், எலுமிச்சை சென்ட். கடைக்காரர் செய்முறையையும் சொன்னார். "ஜெல்ல தண்ணியில போட்டு ஒரே பக்கமா கலக்குங்க. நுரை அடங்க ஒரு நாள் விடுங்க. அப்புறம் கல்லுப்பக் கரைச்சி கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. அப்படியே கெட்டியாகும்." அவர் 'கொஞ்சங் கொஞ்சமா' என்று சொன்னது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது 'உப்பு போட்டால் கெட்டியாகும்' என்பது மட்டும்தான்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் அது பாதிக் கடல்தான். குளித்துவிட்டு வந்தால் உடம்பில் வெள்ளை பூக்கும். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். எங்கள் ஊரில் பிறந்த எவனிடம் கேட்டாலும் இந்தக் கணக்குதான் சொல்வான். சோப்பு செய்ய யாராவது கேன் தண்ணீரைக் கொட்டுவார்களா? நானும் தயங்காமல் போர் தண்ணீரைத்தான் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தேன்.

கலக்கினேன். தென்னை மட்டையைச் சீவி துடுப்பு மாதிரி ஆக்கிக்கொண்டு, லீவு போட்டு, ஒரே பக்கமாகக் கலக்கினேன். தோள் பட்டை கழன்றுவிட்டது. நுரை டிரம்மைத் தாண்டி வாசலுக்கு வந்து, துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போகப் பார்த்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து அதைத் திரும்ப உள்ளே விரட்டினாள்.

மறுநாள் நுரை அடங்கியது. உப்புக் கரைசலில் ஒரு டம்ளர் ஊற்றினேன். என்ன அதிசயம்! பச்சைத் தண்ணீர் அப்படியே தேனாக மாறியது. மட்டையைத் தூக்கினால் கம்பி கம்பியாக இறங்குகிறது. அந்த நிமிஷத்தில் நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எழுந்தேனா? குவாலிட்டி ஆளாயிற்றே! ஒரு டம்ளருக்கே இப்படி என்றால் இன்னொரு டம்ளருக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு டம்ளர் ஊற்றினேன். கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. உப்பு பத்தவில்லை என்று நினைத்தேன். இன்னும் ரெண்டு டம்ளர். மோர் ஆனது. பதறிப்போய் மிச்சம் இருந்த கல்லுப்பை அப்படியே பாக்கெட்டோடு கவிழ்த்தேன். ரசம் ஆனது. அதுவும் தெளிவு ரசம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, தண்ணியா ஓடுது?"

"வச்சா கெட்டியாகும்மா. பாயசம் ஆறினா கெட்டியாவுது இல்ல?"

"பாயசத்துல நான் ஜவ்வரிசி போடறேன். இதுல நீ இன்னா போட்ட?"

அதற்குப் பிறகு எனக்கும் அந்த டிரம்முக்கும் நடுவில் மானப் பிரச்சினை வந்துவிட்டது. தண்ணீராக இருந்தால் என்ன, நுரை வருகிறதே! வாசனை வருகிறதே! நூற்றைம்பது சின்ன பாட்டில் வாங்கி, புனல் வைத்து ஊற்றி, கட்டைவிரலால் தள்ளினால் திறக்கிற மூடி போட்டேன். ஒவ்வொன்றையும் நேராக நிற்க வைத்து, ஒழுகுகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு செக் செய்தேன். நூற்றைம்பதும் பாஸ். ஒன்றையாவது கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று இந்த நிபுணருக்குத் தோன்றவே இல்லை. பிறகு மஞ்சள் துணிப் பையில் முதலில் பாட்டில், அதன் தலைமேல் தேங்காய், மற்றதெல்லாம் பக்கத்தில். ஒரு தேங்காய் எவ்வளவு கனம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த மூடிக்கும் தெரிந்துவிட்டது.

நிச்சயத்தன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்பா இடத்தில் நின்று நான் தட்டு மாற்றினேன். பிரியாணி அமைந்துவிட்டது. சம்பந்தியம்மா கை கழுவிவிட்டு வந்து, அம்மாவிடம், "சாப்பாடு நல்லா இருந்துச்சி" என்றார். 'பாக்கலாம்' இல்லை! முழு வாக்கியம்! தேனு தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பாவி நான், அதோடு விட்டேனா?

வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குப் பை கொடுத்தேன். சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அத்தை, உள்ள உங்களுக்காகவே ஒரு ஸ்பெஷல் கீது. வூட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றேன்.

வீடு வரைக்கும் போகவே இல்லை. ஐப்பசி மாசம் இல்லையா, சரியாக அந்த நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. வேனும் பஸ்ஸும் நின்றது கேட்டுக்கு வெளியே, ஐம்பது அடி தூரம். குடை யாரும் கொண்டுவரவில்லை. மழையில் நனையாமல் ஓட நம்ம ஜனங்கள் என்ன செய்யும்? கையில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கித் தலைமேல் பிடிக்கும். எண்பது பேர், எண்பது மஞ்சப்பை, எண்பது தலை. பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள்.

பத்தடி போவதற்குள் ஒரு பெரியவர் நின்று மோப்பம் பிடித்தார். "இன்னாயா இது, மழையில எலுமிச்ச வாசன அடிக்குது?"

அடுத்த நொடி ஒரு அம்மா, "ஐயோ, கண்ணு எரியுதே!" என்று கத்தினாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். துணிப் பை வழியாக லிக்விட் சொட்டுகிறது, மேலிருந்து மழை கொட்டுகிறது, நடுவில் தலை. கெட்டியாக இருந்திருந்தால் மூடி வாயிலேயே நின்றிருக்கும். ரசமாயிற்றே, தாராளமாக இறங்கியது. மல்லிகைப் பூவில் நுரை, ஜடையில் நுரை, வழுக்கையில் நுரை. நிரம்பவும் பதறிப்போன நான் படியில் நின்றுகொண்டு, "யாரும் பயப்படாதீங்க! வெறும் லிக்விட்தான்! தண்ணி ஊத்திக் கழுவுங்க!" என்று கூவினேன். நாலு பேர் பக்கெட்டோடு ஓடினார்கள். ஊற்ற ஊற்றப் பொங்கியது. சமுதாயக் கூடத்து டைல்ஸ் படியில் அசோக்கின் தாய்மாமன் முதல் படியில் கால் வைத்தவர், கடைசிப் படியில்தான் உட்கார்ந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. வேட்டிதான் எங்கேயோ நின்றுவிட்டது.

கூட்டத்தின் நடுவில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாரு பண்ணது?"

"நான்தான் அத்தை. வூட்லயே... கையால..."

"ம்" என்றார். வேனில் ஏறிவிட்டார். 'பாக்கலாம்' கூட இல்லை.

தேனு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காலியான ஹாலில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணுதானே அண்ணா கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்த நுரைக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதேன்.

புதன்கிழமைக்குள் கல்யாணத் தேதி சொல்வதாகப் பேச்சு. புதன் போனது. வியாழன் போனது. அசோக்குக்குப் போன் போட்டால், "அம்மா வாயே தொறக்க மாட்றாங்க மச்சான். மாமா வேற அவரு வேன்ல சீட்டெல்லாம் போச்சுன்னு குதிச்சிகினு கீறாரு" என்றான். தேனு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மிக்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் சம்பந்தியம்மாவிடமிருந்தே போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். அந்தப் பக்கம் இரண்டே வரி.

"உங்க புள்ளைய அனுப்புங்க. தனியா."

பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். வழி நெடுக மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்தேன். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா? மறைமலை நகர் தாண்டும்போது காலில் விழுவது என்று முடிவாகியிருந்தது.

பொத்தேரியில் மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது மத்தியானக் கூட்டம். விழ இடமே இல்லை. சம்பந்தியம்மா சாம்பார் வாளியோடு நின்றார். "வா நைனா. உக்காரு. சாப்புடு." தட்டு வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடந்து போகும்போது குனிந்து சொன்னார்: "மூஞ்ச அப்டி வச்சிகினு சாப்புடாத. பாக்கற பசங்க சாம்பார் கெட்டுப்போச்சின்னு எழுந்துடுவாங்க."

கூட்டம் குறைந்ததும் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். மலை மாதிரி எச்சில் தட்டு. பக்கத்தில் ஒரு நீல டிரம். மூடியைத் திறந்து கரண்டியால் அள்ளிக் காட்டினார். பச்சை லிக்விட். தேன் கெட்டி. கரண்டியை விட்டு இறங்கவே யோசிக்கிறது.

"இது... எங்க வாங்கறீங்க அத்தை?"

"வாங்கறதா? நான்தான் பண்றேன். பத்து வருசமா."

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. சிமெண்டுத் தரை.

"உங்க வூட்டு போர் தண்ணி உப்பா?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை."

"அதுலயே கலக்கினியா?"

"ஆமாம் அத்தை."

"உப்பு மிஞ்சினா தண்ணியாயிடுமே. அந்தத் தண்ணிக்கு மேல உப்பு வேற போட்டியா?"

"ஒரு பாக்கெட்டு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள்! சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "கடல் தண்ணியில கலக்கி... அதுக்கு மேல... ஒரு பாக்கெட்டு... ஐயோ, நைனா!" பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்கள் எதற்கு என்றே தெரியாமல் கூடச் சிரித்தார்கள். நான் மட்டும் அங்கே எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. நான் ஏன் இழுத்துகினு இருந்தேன் தெரியுமா? உன் தங்கச்சி ஏ.சி. ரூம்ல வேல செய்ற பொண்ணு. நான் ஊரு எச்சித் தட்டு கழுவுறவ. நாளைக்கு இந்த வூட்டப் பாத்து மூக்கப் பொத்திகினா என் புள்ள நடுவுல மாட்டிகினு முழிப்பான். அந்தப் பயம்தான். வேற ஒண்ணும் இல்ல."

"அத்தை, தேனு அப்டி..."

"இரு, சொல்லிடறேன். வந்த சம்பந்தமெல்லாம் என்னப் பாத்து 'ஓட்டல் வச்சிகீறீங்களா'ன்னு கேட்டதோட சரி. எந்த வூட்லயும், இந்தம்மா தட்டு கழுவுதே, அதுக்கு ஒத்தாசையா ஒண்ணு தரலாம்னு நெனைக்கல. நீ நெனச்ச. கண்ணு எரிஞ்சிது, போனா போவுது. ஒரு வாரமா தலைய அலசறேன், இன்னும் எலுமிச்ச வாசன போவல. ஒவ்வொரு வாட்டி அலசும்போதும் சிரிப்புதான் வந்துச்சி. உன் எதிர சிரிச்சா மரியாத கெட்டுடும்னுதான் தனியா கூப்ட்டேன். பாரு, அதுவும் முடியல."

மூக்கை உறிஞ்சினேன்.

"தை பத்தொம்பது. உன் தங்கச்சிக்கு நீயே போன் போட்டுச் சொல்லு" என்றார்.

போட்டேன். தேனு, "நெஜமாவா? காமெடி பண்ணலயே? அவங்க வாயால சொன்னாங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழுதாள். சம்பந்தியம்மா போனைப் பிடுங்கி, "அழாதம்மா. சாப்ட்டியா? மொதல்ல சாப்புடு" என்றார்.

(கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளியே வேனோடு தாய்மாமன் காத்திருந்தார். சீட்டை நான்தான் கழுவ வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை கழுவினேன். தண்ணீர் ஊற்றினால் நுரை, துடைத்தால் நுரை, உட்கார்ந்தால் நுரை. ஹாஸ்டல் பையன்கள் டீயை வாங்கிக்கொண்டு வந்து நின்று, கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.)

தை பத்தொன்பதில் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. தேனு இப்போது வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரி, ஞாயிற்றுக்கிழமை மாமியாரோடு மெஸ் கல்லாவில். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் முதல் பேச்சு என்னைப் பற்றித்தான் என்று அசோக் சொல்கிறான். மருமகளும் மாமியாரும் ஒத்துப்போவதற்கு ஒரு பொது முட்டாள் தேவைப்படுகிறான் போல. அந்த வகையில் நான் சேவை செய்துகொண்டிருக்கிறேன்.

போன மாசம் தேனுவின் பெண்ணுக்குக் காது குத்தல். நான்தான் தாய்மாமன். வெள்ளைச் சட்டை, மடியில் குழந்தை, எதிரே எங்கள் வீட்டுச் சீர்த் தட்டுகளும் தாம்பூலப் பைகளும். நானும் அம்மாவும் எதற்கு வம்பு என்று தேங்காய், பழம், பாக்கு, துணிமணி, வளையல் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. சம்பந்தியம்மா முதல் தாம்பூலப் பையை எடுத்தார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவசரமே படாமல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையை ஏந்தி, கொஞ்ச நேரம் காத்திருந்தார். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு தேங்காயும் இரண்டு பாக்கு பாக்கெட்டும்தான் விழுந்திருந்தன. வேறு எதுவும் வரவில்லை.

சம்பந்தியம்மா உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வாடிப்போய், "இன்னா நைனா, அவ்ளோதானா?" என்றார்.